வோல்காக் கரைப் பங்காளிகள்

கட்டுரைக்கு மார்க் வந்தபோது நான் மெல்பர்னில் கிரான்பர்ன் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கு நாற்பத்திரண்டு. போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே இருந்தது. கீழே, எங்களுக்கு வகுப்பு எடுக்கிற பெண் மூன்று வரி எழுதியிருந்தாள். த்வேர் இளவரசர் மாஸ்கோ இளவரசருக்கு அங்கிள் அல்ல, அவருடைய மகன்கள் இவருக்கு பிரதர்ஸ் அல்ல, எல்லோரும் தூரத்துக் கசின்கள், இது அடிப்படைப் பிழை, வம்ச அட்டவணையை மறுபடியும் பாருங்கள் என்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டவணையை நான் பார்க்கவில்லையாம். அதைப் பெரிய தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, இரண்டு மாதமாகச் சோறு வடிக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் வேறு எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? தாத்தா ஒருவர். அவருடைய பிள்ளைகளில் நமக்கு வேண்டியவர்கள் இரண்டு பேர். மூத்தவரின் மகன் மாஸ்கோவில் இருந்தான், இளையவரின் மகன் த்வேரில் இருந்தான். அப்படியானால் மாஸ்கோக்காரனின் மகனுக்கு இந்த த்வேர்க்காரன் யார்? எங்கள் பக்கத்தில் மூக்கொழுகுகிற பிள்ளையைக் கேட்டாலும் சித்தப்பா என்று சொல்லும். சித்தப்பா மகன்கள் யார்? தம்பிகள். இதில் என்ன பிழையைக் கண்டாள் என்று டாண்டினாங் வரும்வரை மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் அவள் சொன்னது சரி. நான் தமிழில் உறவு கண்டுபிடித்து அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். நம்மைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.

எனக்கு அப்போது அறுபது முடிந்திருந்தது. வரலாற்றில் பி.ஏ. பட்டத்துக்கு அது கடைசிப் பாடம். ஏழு வருஷமாக, நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்று கடித்துக் கடித்துத் தின்று கடைசி வாய்க்கு வந்திருந்தேன். மங்கோலியர் ஆண்ட காலத்து ரஷ்ய இளவரசர்கள் என்பது அந்தக் கடைசி வாய். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு. வகுப்பு முன்னால் நின்று பதினைந்து நிமிடம் பேச வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் அறுபது மார்க்காவது வாங்கினால் பட்டம். இல்லையென்றால் வேறொரு பாடம், இன்னொரு வருஷம். எனக்கு இன்னொரு வருஷத்துக்குத் தெம்பில்லை. தோற்றால் அத்தோடு விட்டுவிடுவேன் என்பது எனக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

இந்த வயதில் எதற்கு உனக்கு இந்தப் பட்டம் என்று கேட்காத ஆள் இல்லை. எல்லோரிடமும் ஆசை என்று சொன்னேன். ஆசை பாதிதான். மீதிப் பாதி ஒரு தாசில்தார் ஆபீசில் ஆரம்பித்தது.

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் வகையறாவுக்கு ஒரு குலதெய்வக் கோயில். திருவிழாவில் சாமி முன்னால் அந்த வம்சத்தில் ஓர் ஆளுக்குத் தலையில் பட்டுத்துணி கட்டுவார்கள். பரிவட்டம். அதுதான் முதல் மரியாதை. வீட்டுக்காரரின் தாத்தாவுக்குக் கட்டினார்கள். தாத்தா இருக்கும்போதே என் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டதால், தாத்தாவுக்குப் பிறகு மாமனாரின் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, மரியாதை போனது. முப்பது வருஷம் அவருக்கே கட்டினார்கள். அவர் போனதும் வந்தது வினை. சித்தப்பா மகன், "எங்கப்பாவுக்குக் கட்டுனது, இனிமே எனக்கு" என்றார். என் வீட்டுக்காரர், "நான் மூத்தவன் மகன், உனக்கும் மூத்தவன், எனக்குத்தான்" என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், சித்தப்பா மகன் இருப்பது சிட்னியில், நாங்கள் இருப்பது மெல்பர்னில். இரண்டு பேரும் சம்பளமில்லாத லீவு போட்டு, விமானம் ஏறி, ஒரு முழத் துணியைத் தலையில் கட்டிக்கொள்ள அருப்புக்கோட்டைக்குப் போனார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்து, "ஒரு வருஷம் இவருக்கு, ஒரு வருஷம் அவருக்குன்னு வச்சுக்கலாமே சார்" என்றேன். என் கொழுந்தனார், சிட்னியில் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "பிளஸ் டூ படிச்ச பொம்பளைக்கு வம்சத்து விசயம் என்ன தெரியும்? மதினியக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லுங்க சார்."

வெளியே உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. அந்த வருஷம் யாருக்கும் மரியாதை கிடையாது என்று தாசில்தார் எழுதிவிட்டார், இரண்டு பேரும் வெறுந்தலையோடு ஆஸ்திரேலியா திரும்பினார்கள். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அவர்களுக்குள் பேச்சு இல்லை. நான் பிளஸ் டூவில் வரலாற்றில் பள்ளிக்கே முதலாவதாக வந்தவள். பதினெட்டு வயதில் கல்யாணம் செய்துவைக்காமல் இருந்தால் என்னென்னவோ படித்திருப்பேன். அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முடிவுசெய்தேன், படிக்கிறேன், அந்த ஆள் வாயால் ஒரு நாள் கேட்கிறேன் என்று.

அதனால்தானோ என்னவோ, இந்த இளவரசர்கள் கதையைப் படித்த முதல் வாரமே எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நாட்டை ஆண்டது மங்கோலியக் கான். வோல்கா ஆற்றங்கரையில் சராய் என்ற ஊரில் அவர் கூடாரம். இளவரசர்களில் யார் பெரியவர் என்று அவர் ஓர் ஓலை எழுதிக் கொடுப்பார், அதற்கு யார்லிக் என்று பெயர். அதை வாங்க ஒவ்வொருவனும் பரிசுப் பொருளைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் பயணம் போய், கான் வாசலில் காத்துக் கிடந்து, அடுத்தவனைப் பற்றிக் கோள் சொல்லி, கையில் காகிதத்தோடு திரும்பி வருவான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கானுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்கள் வழக்கத்தில் பெரிய பட்டம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. அண்ணனிடமிருந்து தம்பிக்கு, தம்பிகள் தீர்ந்த பிறகு மூத்தவன் பிள்ளைக்கு. அதில் இன்னொரு கட்டு: எவன் அப்பன் அந்தப் பட்டத்தில் உட்காராமல் செத்தானோ அவனுக்கும் அவன் சந்ததிக்கும் உரிமை கிடையாது. முன்னே சொன்ன அந்த மகன்தான் இப்போது மாஸ்கோக்காரன், அவன் அப்பா உட்காரவில்லை. ஆகவே முறைப்படி பட்டம் த்வேர்ச் சித்தப்பாவுக்கு. மாஸ்கோக்காரன் விட்டானா? ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறந்தான். சராயிலேயே தங்கி, கானின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, யார்லிக்கோடும் படையோடும் வந்து சித்தப்பாவோடு சண்டை போட்டான். சண்டையில் தோற்று அவன் ஓட, பெண்டாட்டி த்வேர்க்காரர்களிடம் மாட்டிக்கொண்டாள். அங்கேயே செத்தும் போனாள். விஷம் வைத்தார்கள் என்று கானிடம் போய் அழுதான். கான் சித்தப்பாவைக் கூப்பிட்டு விசாரித்துக் கொன்றார். சில வருஷம் கழித்து அந்தச் சித்தப்பாவின் மகன், கான் வாசலிலேயே வைத்து மாஸ்கோக்காரனை வெட்டினான். கேட்காமல் வெட்டியதற்காகக் கான் அவனையும் முடித்தார். பிறகு அவன் தம்பி. எல்லாம் ஒரே தாத்தாவின் ரத்தம்.

வகுப்பில் இருபது வயதுப் பிள்ளைகள் இதை ஏதோ வெளிகிரகத்துச் செய்திபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது பங்காளிக் காய்ச்சல். மருந்தில்லாத காய்ச்சல் என்று கல்யாணமான மறுவாரமே எனக்குத் தெரியும்.

ஆனால் தெரிவது வேறு, அறுபது மார்க் வாங்குவது வேறு. சித்தப்பா என்ற சொல் இல்லாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது? கசின், செகண்ட் கசின் என்று சொல்லச் சொல்ல என் வாயிலேயே அது சப்பென்று போனது. தூரத்துக் கசினைக் கொன்றான் என்றால் யாருக்கு வலிக்கும்? இரண்டு வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். மூன்றாம் வாரம், விட்டுவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல்கூட எழுதி வைத்துவிட்டேன். அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள் ஒருத்தி. மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். தேநீர் இடைவேளையில் நான் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு?" என்று எதிரே உட்கார்ந்தாள். கையில் இருந்தது வகுப்பில் படிக்கக் கொடுத்த ஓர் ஒப்பந்தத்தின் மொழிபெயர்ப்பு. இரண்டு தலைமுறை கழித்து, கான் வாசலில் செத்த த்வேர்க்காரரின் பேரனும் பட்டத்துக்குப் போட்டிபோட்டு, கடைசியில் அப்போதைய மாஸ்கோக்காரனின் முற்றுகை தாங்காமல் பணிந்து கொடுத்த ஒப்பந்தம். இனிமேல் மாஸ்கோ இளவரசரை மூத்த சகோதரனாகக் கொள்வேன் என்று அதில் இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "வயசுக்கு ஆர் மூப்பு?"

"த்வேர்க்காரர்தான். பதினஞ்சு வயசுக்கு மேல மூப்பு."

"முறைக்கு?"

விரல்விட்டு எண்ணினேன். அதுவரை எண்ணிப் பார்க்கவே இல்லை. "முறைக்கு... இவரு அவனுக்குச் சித்தப்பா."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "சித்தப்பா, மகன்முறைப் பெடியனை அண்ணன் எண்டு எழுதிக் குடுத்தவரோ? அக்கா, அதுக்கு அந்தாள் செத்திருக்கலாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை, கையில் மயிர்க்கூச்செறிந்ததை அவளுக்குக் காட்டினேன்.

"உங்கட மிஸ்ஸுக்கு இது விளங்குமோ?" என்றாள்.

"எங்க? அவங்களுக்கு எல்லாருமே கசின்தான்."

"ஓம், இஞ்ச ரோட்டால போறவனும் அங்கிள்தானே. அப்ப நீங்கள்தான் விளங்கப்படுத்தோணும். எழும்புங்கோ, பெல் அடிக்குது."

அன்று மாலை எழுதிவைத்த மின்னஞ்சலை அழித்தேன். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அட்டவணையில் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் முறை எழுதினேன். பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், தம்பி, மகன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், படுபாவி, எங்கள் வீடு.

என் வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட்டேன்: "ஏங்க, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? இந்தக் கதையில நீங்க மாஸ்கோ."

"நல்லதாப் போச்சு. ஜெயிச்சவங்கதான மாஸ்கோ?"

"ஜெயிச்சாங்க. ஆனா முறை இல்லாம ஜெயிச்சாங்க. அப்பா உக்காராத இடத்துல மகன் உக்கார முடியாதுன்னு அவங்க சட்டம். உங்க அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டலையே. அந்தக் கணக்குல பார்த்தா மரியாதை உங்களுக்கு இல்ல, சிட்னிக்குத்தான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ரஷ்யாக்காரன் சட்டத்துக்கும் நம்ம சாமிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குத் தேர்வு இருந்தது, சமாதானம் செய்ய நேரமில்லை.

மூன்றாம் நாள் காலை மேசையில் ஒரு பட்டுத் துண்டு இருந்தது. சிவப்புக் கரை, மடிப்புக்கூடக் கலையாதது. திருவிழாவுக்கென்று வாங்கி, தோளில் போடாமலே பெட்டியோடு திரும்பி வந்த துண்டு. "வகுப்புல பரிவட்டம் எப்பிடிக் கட்டுறதுன்னு காட்டப்போறேன்னு போன்ல யார்ட்டயோ சொல்லிக்கிட்டிருந்தியே. வெறுங்கையாவா காட்டுவ?" என்றார். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "டிபன் இட்லி, சட்னி காரமா இருக்கும்" என்றேன்.

தேர்வு நாள் காலை பதினொரு மணி. நான் ஐந்தடிகூட இல்லை. வெள்ளைப் பலகையில் பாதிக்கு மேல் எனக்கு எட்டாது. அதனால் பலகையை விட்டுவிட்டு ஆட்களை எழுப்பி நிற்கவைத்தேன். பச்சைத் தலைமயிர்ப் பையன் மாஸ்கோ, ஆட்டுப்பண்ணைக்காரர் மகள் ஒருத்தி த்வேர், வியட்நாம்காரப் பையன் கான். கானை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டுத் துண்டை அவன் மடியில் வைத்தேன். எங்கள் கோயிலில் இதை எப்படிக் கட்டுவோம் என்று சொல்லி, பச்சைத் தலையில் கட்டினேன். அவிழ்த்து த்வேர்ப் பெண்ணின் தலையில் கட்டினேன். மறுபடி அவிழ்த்தேன். ஒவ்வொரு முறை துணி கை மாறும்போதும் யார் செத்தார் என்று சொன்னேன், செத்த ஆளுக்கும் கொன்ற ஆளுக்கும் என்ன முறை என்று சொன்னேன். சித்தப்பா, அண்ணன், தம்பி என்று தமிழிலேயே சொன்னேன். முதலில் சிரித்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஆட்டுப்பண்ணைக்காரர் மகள் என்னை முந்திக்கொண்டு, "சிட்டப்பா" என்று சொன்னாள். உச்சரிப்பு நாசமாய்ப் போனாலும் முறை சரி.

எங்கே பொருந்தாதோ அதையும் சொன்னேன். எங்கள் பக்கம் சொத்து மகனுக்குப் போகும், அவர்கள் பக்கம் பட்டம் தம்பிக்குப் போனது, இரண்டும் ஒன்றல்ல என்றேன். கடைசியில் ஒப்பந்தத்துக்கு வந்தேன். சித்தப்பா முறையுள்ள மனிதர், வயதில் மூத்தவர், அப்பாவையும் தாத்தாவையும் பெரியப்பாவையும் கான் வாசலில் பறிகொடுத்தவர், மகன் முறையுள்ளவனை அண்ணன் என்று ஏற்றுக்கொண்டார், படை தோற்றதைவிட இது பெரிய தோல்வி என்று சொல்லி நிறுத்தினேன்.

வகுப்பு எடுக்கிற பெண் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி ஏழெட்டுத் தடவை சொல்லியும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஆங்கிலத்தில் கேட்டதன் சாரம் இது: சகோதரன் என்பது அந்தக் காலத்து அரசியல் வாய்ப்பாடு, நிஜ உறவைக் குறிப்பதில்லை, நீங்கள் உங்கள் குடும்பத்தை எடுத்து ரஷ்யாவுக்குள் வைக்கிறீர்கள் என்று யாராவது சொன்னால்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் அந்த தாசில்தார் ஆபீஸ் மரப்பெஞ்சு ஞாபகம் வந்தது. வந்தது நல்லதாகப் போயிற்று, கோபமும் கூடவே வந்தது.

"மேடம், என் கட்டுரையில் சகோதரன் என்று எழுதியது என் தப்பு" என்றேன். "ஆனால் இந்த ஒப்பந்தத்தை நான் எழுதவில்லை. இந்தக் காகிதத்தில் சகோதரன் என்று எழுதியவர்கள் அவர்கள். சும்மா சகோதரன் என்றுகூட இல்லை, மூத்தவன் என்று எழுதியிருக்கிறார்கள். வெறும் வாய்ப்பாடு என்றால் சகோதரன் என்பதோடு போதுமே, மூத்தவன் யார் இளையவன் யார் என்று எதற்கு? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முற்றுகை. உறவு முக்கியமில்லை என்றால் அந்தச் சொல்லை யாரும் கேட்கவும் மாட்டார்கள், யாரும் கொடுக்கத் தயங்கவும் மாட்டார்கள். என் வீட்டுக்காரரின் தம்பி முறைக்காரர் ஒருவர், ஒன்பது வருஷமாக அவரை அண்ணன் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தோற்றுவிடுவோம் என்று பயம். எங்களிடம் கானும் இல்லை, படையும் இல்லை. அப்படியிருந்தும் இப்படி."

அவள் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தாள். பிறகு அட்டவணையில் விரலை வைத்து ஒவ்வொரு தலைமுறையாக இறங்கி வந்தாள். "ஒரு தலைமுறை மேல்" என்றாள், தனக்குத்தானே. "இதைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆறு வருஷமாக இந்தப் பாடம் எடுக்கிறேன், காகிதத்தைப் பார்த்தே இதைச் சொன்ன மாணவர் நீங்கள்தான்." பச்சைத் தலைப் பையன் கைதட்ட ஆரம்பித்தான். எல்லோரும் தட்டினார்கள். கானும் எழுந்து நின்று தட்டினான்.

எண்பத்தாறு மார்க். கட்டுரை மார்க்கை மாற்றவில்லை, ஆங்கிலத்தில் தப்பு தப்புதான் என்று எழுதியிருந்தாள். போகட்டும், நியாயம். மன்னார்க்காரிக்குப் போன் செய்து சொன்னேன். "ஜேசுவே" என்று ஒரு சத்தம் போட்டாள், முதியோர் இல்லத்தில் யாரோ விழுந்துவிட்டார்களோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்களாம்.

பட்டமளிப்புக்கு ஆளுக்கு இரண்டு டிக்கெட்தான் கொடுத்தார்கள். மகள் லண்டனில், மகன் பெர்த்தில், இரண்டு பேரும் நேரலையில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்று வீட்டுக்காரருக்கு. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிட்னிக்குப் போன் போட்டேன்.

"கொழுந்தனாரே, நான்தான்."

"மதினி... நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன். பி.ஏ. பாஸ் பண்ணிட்டேன். பட்டமளிப்பு விழா. உங்களுக்கு ஒரு டிக்கெட் வச்சிருக்கேன், வர்றீங்க."

"அவரு வர்றாரா?"

"அவருக்கும் ஒண்ணு இருக்கு. பக்கத்துப் பக்கத்து சீட்டு."

"என்னைய எதுக்கு மதினி கூப்பிடுறீங்க?"

"தாசில்தார் ஆபீஸ்ல நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார்.

"அதுக்குத்தான்."

பழிவாங்கத்தான் கூப்பிட்டேன், ஒளிப்பானேன். வீட்டுக்காரர் தாம்தூம் என்று குதித்தார். அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்றார். வராவிட்டால் இருக்கட்டும், மன்னார்க்காரியைக் கூட்டிப்போகிறேன் என்றேன். யார்லிக் என் கையில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கானின் சுகம் எனக்குப் புரிந்தது.

இரண்டு பேருமே வந்தார்கள். மேடையோரம் காத்து நின்றபடி பார்த்தேன், பன்னிரண்டாவது வரிசையில் பக்கத்துப் பக்கத்தில், இரண்டு பேரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, ஒரே மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு. ஒரே தாத்தாவின் மூக்கு. என்னைக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலியோடு படியேறி, கைகுலுக்கி, சுருட்டிய காகிதத்தை வாங்கினேன். கூட்டத்தில் ஒரு விசில் கேட்டது. பிறகு விசாரித்தால், அடித்தது கொழுந்தனார்.

வெளியே புல்தரையில் நல்ல வெயில், பலமான காற்று. போட்டோ எடுக்க நின்றோம். நான் நடுவில், அவர்கள் ஆளுக்கொரு பக்கம், இன்னமும் பேச்சில்லை. கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். "மதினி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. படிச்சவங்க மாதிரி பேசல நான்" என்றார். இதைக் கேட்கத்தான் ஏழு வருஷம் படித்தேன். ஒரு நல்ல பதில் யோசித்து வைத்திருந்தேன், கூர்மையான பதில். அது வாயில் வரவில்லை. சந்தோஷத்தில் தலையை மட்டும் ஆட்டினேன், ஆட்டியதில் அந்தச் சதுரத் தொப்பி காதுப் பக்கம் சரிந்தது.

கொழுந்தனார் எனக்கு மேலாக, எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அண்ணே" என்றார். "தொப்பி கோணலா இருக்கு. அந்தப் பக்கம் பிடிங்க."

வீட்டுக்காரர் கையை நீட்டித் தொப்பியின் ஓரத்தைப் பிடித்தார். பிறகு, "நீ அந்தத் தொங்குற நூலைப் பிடிடா, கண்ணுல விழுது" என்றார். அங்கே பூசாரி இல்லை, தாசில்தார் இல்லை. வம்சத்து ஆண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் தலையில் தொப்பியைச் சரிசெய்தார்கள். நான் ஐந்தடிகூட இல்லை என்று சொன்னேனே, இரண்டு பேரும் குனிந்துதான் செய்ய வேண்டியிருந்தது.